மாரீஸ்வரின்னு கூப்பிட்டா பட்டு திரும்ப மாட்டா

பதிவேட்டை விரித்து "மாரீஸ்வரி" என்று கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் தோளைத் தொட்டு, "நீதானம்மா மாரீஸ்வரி?" என்றேன். "இல்ல, நான் பட்டு" என்றாள். மூன்று வயது. பதிவேட்டில் இருந்தது அவளைப் பொறுத்தவரை வேறு யாரோ ஒருத்தியின் பேர்.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் 32 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தேன். அரசாங்கத் தாளில் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்குப் பால்வாடி டீச்சர்தான். எங்கள் ஊர் அம்மாக்களில் பாதிப்பேர் காலை ஏழு மணிக்கு வண்டியேறி தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம்) போய்விடுவார்கள். பிள்ளை அப்பத்தா கையிலிருந்து என் கைக்கு வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் என்னிடம் எடை போடுவதைக் கேட்பார்கள், பதிவேடு எழுதுவதைக் கேட்பார்கள். அதற்குப் பயிற்சி இருக்கிறது, சூப்பர்வைசரும் இருக்கிறார். ஒன்றை மட்டும் யாரும் கேட்டதில்லை. 2 வயதில் இடுப்பில் வரும் பிள்ளை, 5 வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது 'நான் இன்னார்' என்று ஒரு நினைப்போடு போகிறதே, அது எங்கிருந்து வருகிறது, அதில் நம் பங்கு என்ன?

நான் கண்டது இதுதான்: அந்த நினைப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. நாம் கூப்பிடுகிற விதத்தில் அது உருவாகிறது. அதனால் இது பெரும்பாலும் பிள்ளையைக் கூப்பிடுவது பற்றிய குறிப்புதான். பால்வாடித் தங்கச்சிகளுக்காக எழுதினாலும் வீட்டில் வளர்க்கிற அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஆகும். என் மகள் தபால் வழியில் சமூகவியல் படித்தாள். நான் அடுப்படியில் இருக்கும்போது பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். "இதைத்தானடி நான் தினம் பார்க்கிறேன்" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். சில தடவை "இதை எழுதின வெள்ளைக்காரர் நம்ம ஊருக்கு வந்து பார்க்கணும்" என்றும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் பேரையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

முதல் வாரம்: இரண்டு பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்

இருக்கன்குடி மாரியம்மன் எங்களுக்குப் பக்கம். ஒரு வருஷம் என்னிடம் இருந்த 18 பிள்ளைகளில் ஆறு பேர் மாரி. மாரிமுத்து, மாரிச்செல்வம், முத்துமாரி, மாரீஸ்வரி, இன்னும் இரண்டு. "மாரி" என்றால் ஆறு தலை திரும்ப வேண்டும். ஒன்றுகூடத் திரும்பாது. வீட்டில் ஒருத்தரும் மாரி இல்லை. பட்டு, குட்டி, அய்யா, தங்கம், பெரியவன், செல்லாயி.

காரணம் லேசானது. பிள்ளைக்குத் தாத்தா பேரையோ அப்பத்தா பேரையோ வைப்பார்கள். பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே பேரன். ஆனால் மாமியார் பேரை மருமகள் வாயால் எப்படிச் சொல்வது? அதிலும் "ஏய், இங்க வாடி" என்று? அதனால் வீட்டுப் பேர் ஒன்று முளைக்கும். அந்தப் பேரில்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்கள், தாலாட்டியிருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள். நாலரை மாதக் குழந்தையே மற்றப் பேர்களைவிடத் தன் பேரைக் கூடுதல் நேரம் கேட்கிறது என்று 1995-இல் அமெரிக்காவில் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நாலரை மாதத்தில் கேட்டுப் பழகிய பேர் பட்டுதான், மாரீஸ்வரி இல்லை.

செய்ய வேண்டியது: சேர்க்க வரும்போதே "வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பதிவேட்டில் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டுப் பேர் மட்டும். இரண்டாம் வாரம் இரண்டையும் சேர்த்து: "பட்டு மாரீஸ்வரி வந்தாச்சா?" மூன்றாம் வாரம் பதிவேட்டுப் பேரைச் சொல்லி, கண்ணைப் பாருங்கள். திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் ஒரு வாரம் பின்னால் போங்கள். அவசரப்பட்டு "உன் பேரு பட்டு இல்ல, மாரீஸ்வரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அன்று முழுக்க அழுதாள். அவளுடைய பேரை நான் பிடுங்கிக்கொண்டேன் என்றுதானே அவளுக்குத் தோன்றியிருக்கும்?

இரண்டு பேர் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. வீட்டில் ஒரு மாதிரி, வெளியில் ஒரு மாதிரி இருக்கலாம் என்பதைப் பிள்ளை இந்த இரண்டு பேரை வைத்தே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும் பட்டு, என்னிடம் மாரீஸ்வரியாகத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். அம்மா நம்பவே இல்லை.

'அது' எப்போது 'அவள்' ஆகிறது

காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் குழந்தை 'அது'. "பாப்பா தூங்குது", "அது இன்னும் சாப்பிடலை." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆம்பளைப் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் "அவன் வர்றான் பாரு" என்று ஆகிவிடும். பொம்பளைப் பிள்ளை மட்டும் அதற்கப்புறமும் வெகுநாள் "அது", "புள்ள" என்றே போகும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் 'அவன்', 'அவள்' என்று மாற்றிச் சொல்லிப் பழகினேன். சும்மா ஒரு நியாயத்துக்கு.

பிள்ளையும் முதலில் தன்னைப் பேர் சொல்லித்தான் பேசும்: "பட்டுக்குத் தண்ணி." நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். 'நான்', 'எனக்கு' என்பதை இப்படிக் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கற்க முடியாது என்பதை யோசித்திருக்கிறீர்களா? 'தட்டு' என்றால் எல்லோருக்கும் தட்டு. 'எனக்கு' என்பது நான் சொன்னால் டீச்சருக்கு, அவள் சொன்னால் அவளுக்கு. பிள்ளை கேட்கிற ஒவ்வொரு 'எனக்கு'ம் வேறு ஒருத்தருடையது. அதனால்தான் சில பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு "உன்னைத் தூக்கு" என்று குழம்பும். சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலார் 1908-இல் தன் சொந்தக் குழந்தை இந்தச் சொற்களை எப்போது, எதற்காகச் சொல்கிறது என்று குறித்து வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்தவர் முகத்தைக் கண்ணாடியாக வைத்துத்தான் நாம் நம்மைப் பார்க்கிறோம் என்று 1902-இலேயே எழுதியவர் அவர்தான்.

'நான்' சண்டையில் வருகிறது. "என்னுது!" என்ற கத்தல்தான் முதலில் வரும், 'நான்' அதற்குப் பின்னால் மெல்ல வரும். இரண்டு வயதில் ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்காக இரண்டு பிள்ளைகள் உருளும்போது, நம் வாய் உடனே "பங்கு போட்டுக்கணும், நல்ல புள்ளல்ல" என்று சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். தன்னுடையது எது என்று தெரிந்த பிறகுதான் பங்கு. முதலில் "ஆமா, அது உன்னுது. அவன் கேக்குறான். நீ குடிச்சிட்டுத் தருவியா?" என்று கேளுங்கள். பத்துக்கு ஆறு தடவை தந்துவிடும். தராத நாலு தடவையும் அதை நல்ல பிள்ளை இல்லை என்று சொல்லக் கூடாது.

கண்ணாடி, திருஷ்டிப் பொட்டு, சத்துமாவு

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று பிள்ளைக்கு எப்போது தெரியும்? மகளின் புத்தகத்தில் ஒரு சோதனை இருந்தது. குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் கொஞ்சம் சிவப்புச் சாயம் வைத்து, கண்ணாடி முன் விடுவது. கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொட்டால், தெரிந்துவிட்டது என்று பொருள். 1972-இல் ஆம்ஸ்டர்டாம் என்ற பேருள்ள ஒரு பெண்மணி (ஊர் இல்லை, ஆள் பேர்) குழந்தைகளிடம் செய்தது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் மூக்குக்குக் கை போகும்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. சாயத்துக்கு எங்கே போவது? கண்மை எடுத்து ஐந்து பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வைத்தேன். கண்ணாடியில் பார்த்தார்கள். சிரித்தார்கள், முத்தம் கொடுத்தார்கள், ஒன்றுகூடக் கன்னத்தைத் தொடவில்லை. எனக்கே கவலையாகிவிட்டது. பால்வாடியில் சமையலுக்கும் உதவிக்கும் இருந்த ஆயாம்மாதான் சொன்னார்: "தினம் வீட்ல வைக்கிற திருஷ்டிப் பொட்டுதான டீச்சர்? அதை எதுக்கு அதுக தொடப்போகுதுக?" வாஸ்தவம். நம் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் கறுப்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மறுநாள் மூக்கைத் துடைப்பதுபோலச் சத்துமாவைக் கொஞ்சம் மூக்கு நுனியில் ஒட்டினேன். பட்டென்று மூன்று பேர் கை மூக்குக்குப் போனது. ஒருத்தன் நக்கப் பார்த்தான். நீங்களும் செய்து பாருங்கள். கண்ணாடியை மட்டும் பிள்ளை நிற்கும் உயரத்தில், விளிம்பில் பிளாஸ்டிக் போட்டது, ஆணியில் மாட்டாமல் நன்றாகக் கட்டியது என்று பார்த்து வையுங்கள்.

தொடாத இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2004-இல் வந்த ஓர் ஆய்வில் கேமரூன் நாட்டின் ந்சோ விவசாயக் குடும்பப் பிள்ளைகளையும் கிரேக்கப் பிள்ளைகளையும் கோஸ்டா ரிக்காப் பிள்ளைகளையும் ஒப்பிட்டிருந்தார்கள். எந்நேரமும் உடம்போடு ஒட்டி, இடுப்பிலும் முதுகிலும் வளரும் ந்சோ பிள்ளைகள் கண்ணாடியில் தங்களைக் கண்டுகொள்வதில் பிந்தினார்கள்; ஆனால் "இதைக் கொண்டா, அதைத் தொடாதே" என்றால் கேட்டு நடப்பதில் முந்தினார்கள். எதை வீடு முதலில் எதிர்பார்க்கிறதோ அது முதலில் வருகிறது. இதை மகள் படித்தபோது, செம்பைக் கொண்டுபோய்த் தாத்தா கையில் கொடுக்கத் தெரிந்த, கண்ணாடியை மட்டும் கண்டுகொள்ளாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

சொப்பு வைத்து விளையாடும்போது நீங்கள் பேசாதீர்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த மணி காலை பத்தரை. சொப்புச் சாமான் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்வேன். காதை மட்டும் அங்கே வைப்பேன்.

மூன்று வயதில் எல்லோரும் சமைப்பார்கள், ஆனால் ஒருத்தர் சமைத்ததை இன்னொருத்தர் சாப்பிட மாட்டார்கள். பக்கம் பக்கமாக உட்கார்ந்து அவரவர் சோறு. நாலு வயதில் ஒருத்தி அம்மா, ஒருத்தன் அப்பா, சின்னது ஒன்று பிள்ளை. எங்கள் ஊரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு: ஆபீஸ் வண்டி. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒருத்தன் டிரைவர். "ஏறு ஏறு, நேரமாச்சு" என்று கத்துவான். வீட்டில் இருக்கும் 'பிள்ளை' அழும். 'அம்மா' திரும்பிப் பார்க்காமல் ஏறுவாள். ஒருநாள் பட்டு ஏறிவிட்டு, இறங்கி வந்து, அழும் பிள்ளையின் கையில் ஒரு சொப்பைக் கொடுத்து, "அழாத, சாயங்காலம் சேவு வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினாள். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். தினமும் விட்டுவிட்டுப் போகிற அம்மாவின் மனசுக்குள் அந்த மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு நிமிஷம் போய்விட்டு வந்திருக்கிறது.

சிகாகோவில் பாடம் நடத்திய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதைத்தான் சொன்னார் என்றாள் மகள். பிள்ளை அடுத்தவராக நடித்து, அந்த இடத்திலிருந்து தன்னைத் திரும்பிப் பார்க்கிறது. அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் 'நான்' என்பது உருவாகிறது. அவர் இதைப் புத்தகமாக எழுதவே இல்லையாம். 1931-இல் அவர் இறந்த பிறகு, வகுப்பில் எடுத்த குறிப்புகளை வைத்து மாணவர்கள் 1934-இல் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி, செய்யாமல் இருப்பதுதான். "அம்மா அப்படியா பேசுவாங்க?" என்று திருத்தாதீர்கள். பையன் சமைக்க அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் எழுப்பாதீர்கள். எழுப்ப வரும் அப்பத்தாக்களை வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்துங்கள். ஒரே பிள்ளை எப்போதும் அழுகிற பிள்ளையாகவோ வண்டிக்கு வெளியேயோ நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால், "நாளைக்கு டிரைவர் யாரு?" என்று முந்தின நாளே கேட்டு வைத்துவிடுங்கள். பெட்டியில் பழைய துண்டு, தாத்தா கண்ணாடிச் சட்டம், உடைந்த செல்போன், காலி மருந்து டப்பா போட்டு வையுங்கள். கடைப் பொம்மையைவிட இவைதான் ஆளை மாற்றும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'டீச்சர்' விளையாட்டு வரும். அன்றைக்குத் தைரியமாக இருங்கள். என்னை நடித்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "எத்தன தடவ சொல்றது? காது என்ன வாடகைக்கா?" என்றாள். ஆயாம்மா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். நான் அப்படிப் பேசுகிறேன் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

குலை குலையா முந்திரிக்கா

அம்மா, அப்பா, டிரைவர் என்று ஒரு நேரத்துக்கு ஒரு ஆளாக மாறத் தெரிந்த பிள்ளைக்கு, எல்லோரையும் ஒரே நேரத்தில் மனசில் வைக்கத் தெரியுமா என்பது அடுத்தது. மீட் இதற்கு பேஸ்பால் ஆட்டத்தைச் சொன்னார். நமக்கு அது வேண்டாம், குலை குலையா முந்திரிக்கா போதும்.

வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை, துணி தன் பின்னால் விழுந்தாலும் உட்கார்ந்தே இருக்கும். இல்லாவிட்டால் விழாமலே எழுந்து ஓடும். துணி போடுகிற பிள்ளை போட்ட இடத்திலேயே நின்று, "உனக்குத்தான் போட்டேன், பாரு" என்று காட்டிக்கொடுக்கும். ஐந்து வயதில் கதையே வேறு. துணியைப் போட்டுவிட்டுப் போடாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளிப் போய் இன்னொருத்தன் பின்னால் குனிகிறான். அவன் மனசுக்குள் வட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் இருக்கிறார்கள்: யார் பார்ப்பார், யார் சொல்லிவிடுவார், யார் வேகமாக ஓடுவார்.

நடத்தும் விதம்: சின்னதுகளையும் பெரியதுகளையும் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். தோற்றவரை வெளியே அனுப்பாதீர்கள். வெளியே போன பிள்ளைக்குப் பார்த்துக் கற்க ஒன்றும் கிடைக்காது, மண்ணைத்தான் கிளறும். விதியை நீங்கள் விளக்காதீர்கள். "எப்படி விளையாடணும்னு தம்பிக்குச் சொல்லிக்குடு" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் விடுங்கள். சண்டை வந்தால் "டீச்சர் சொல்றேன்" என்று தீர்க்காமல் "எல்லாரும் என்ன சொல்றீங்க?" என்று கேளுங்கள். நேரம் எடுக்கும். சோறு ஆறும். பரவாயில்லை.

இன்னொரு சின்ன விளையாட்டு. சத்துமாவுப் பாக்கெட்டுக்குள் சாக்பீஸ் போட்டு மூடி, "உள்ள என்ன?" என்று கேளுங்கள். "மாவு" என்பார்கள். திறந்து காட்டி மூடிவிட்டு, "திறக்கிறதுக்கு முன்னாடி நீ என்ன இருக்குன்னு நெனச்ச?" என்று கேளுங்கள். மூன்று வயது, கூசாமல் "சாக்பீஸ்" என்று சொல்லும். பொய் இல்லை, சற்றுமுன் இருந்த தன் நினைப்பு வேறு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. நாலு, நாலரை வயதில் "மாவுன்னு நெனச்சேன், ஏமாந்துட்டேன்" என்று சிரிக்கும். 1980-களில் மிட்டாய் டப்பாவில் பென்சில் போட்டு வெளிநாட்டில் செய்த சோதனைதான். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: மூன்று வயதுப் பிள்ளையிடம் "அப்ப ஏன் அடிச்ச?" என்று அரை மணி நேரம் கழித்து விசாரிக்காதீர்கள்.

நான் வைத்த பேர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வருஷம் ஒரு பையன், செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதம் முழுக்க அழுதான். வாசலில் அழுகை, சாப்பாட்டில் அழுகை, தூங்கி எழுந்தால் அழுகை. நான் செல்லமாக "வாங்க அழுமூஞ்சி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவனும் சிரித்தான், சில நாள். ஆயாம்மா கூப்பிட்டார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அக்காவும் கூப்பிட்டாள்.

ஆகஸ்டில் அழுகை நின்றுவிட்டது. பேர் நிற்கவில்லை. ஒருநாள் பார்க்க வந்த ஒரு அதிகாரி குனிந்து, "தம்பி பேரென்ன?" என்று கேட்டார். "அழுமூஞ்சி" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. செல்வம் என்று சொல்வதுபோலவே நேராகச் சொன்னான்.

அந்தப் பேரை இறக்கி வைக்க எனக்குப் பொங்கல் வரைக்கும் ஆனது. எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் தேவைப்படும். "அழுமூஞ்சின்னு கூப்பிடக் கூடாது" என்று சட்டம் போட்டுப் பார்த்தேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். அப்புறம் அதை விட்டுவிட்டு, அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். முட்டை நாளில் முட்டை எண்ணுவது. "செல்வம், எத்தன முட்டை?" என்று பதிவேடு எழுதுமுன் அவனைக் கேட்பேன். பத்துக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது, பத்து வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவான். யாரும் குறை சொல்லவில்லை. மூன்று வாரத்தில் பிள்ளைகள் "முட்டை எத்தன, செல்வத்தக் கேளு" என்றார்கள். வாசலில் அவன் அக்காவிடம் "இன்னைக்கும் அழுதானா?" என்ற பேச்சே வராதபடி, நானே முந்தி "செல்வம் இன்னைக்கு முட்டை எண்ணுனான்" என்பேன். பிள்ளை காதில் விழும்படி அதன் பெரியவர்களிடம் நாம் சொல்வது, நேராகப் பிள்ளையிடம் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான்.

அதனால் கறுப்பி, வாலு, முரடு, ஊமை, தொத்தல் எதுவும் வேண்டாம். "கெட்டிக்காரி"யையும் அளவாகத்தான் வையுங்கள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய பிள்ளை தெரியாத வேலையைத் தொடவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். செய்ததைச் சொன்னால் போதும்: "தட்டைக் கழுவி வச்சுட்டியே."

நாமளா, நாங்களா

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்தால் 'நாம'. அவரை விட்டுவிட்டால் 'நாங்க'. மூன்று, மூன்றரை வயதில் பிள்ளைகள் இதைச் சரியாகச் சொல்லத் தொடங்கிவிடும். யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் இதே சொற்களோடு சேர்த்துத்தான் கற்கும்.

ஒரு வீட்டிலிருந்து பிள்ளையோடு தனி டம்ளர் வரும். எவர்சில்வர், அடியில் பேர் வெட்டியது. "வயித்துக்குச் சேரல டீச்சர், அதான்" என்பார்கள். நானும் நம்பினேன், அல்லது நம்பியதுபோல இருந்துவிட்டேன். ஒருநாள் பட்டு தன் டம்ளரில் மோந்து நீட்டியபோது அந்தப் பிள்ளை, "நாங்க உங்க டம்ளர்ல குடிக்க மாட்டோம்" என்றது. நாலு வயது. முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை. தெரிந்த பாடத்தை ஒப்பித்தது. பட்டு டம்ளரைப் பார்த்தாள், பிறகு உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

அந்த வயதில் சாதிப் பேர் பிள்ளைக்குத் தெரியாது. டம்ளர் தெரியும், எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பது தெரியும், யாரை 'வாங்க' என்றும் யாரை வயசானவராக இருந்தாலும் 'வா' என்றும் தாத்தா கூப்பிடுகிறார் என்பது தெரியும். பேர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் பிள்ளையைத் திட்டவில்லை. சாத்தூர் பாத்திரக் கடையில் ஒரே மாதிரி இருபது டம்ளர் என் காசில் வாங்கினேன். வீட்டிலிருந்து வரும் டம்ளரை வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்து, சாயங்காலம் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். கேட்டதற்கு, "தொலைஞ்சு போச்சுன்னா நான் எங்கம்மா போவேன்?" என்றேன். மூன்று மாதத்தில் தனி டம்ளர் வருவது நின்றது. ஒரு வீடு மட்டும் பிள்ளையையே நிறுத்திவிட்டது. அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் மோந்து கொடுக்கும் வேலையை வாரம் ஒருத்தருக்கு என்று வைத்தேன், வரிசைப்படி, ஒருத்தரையும் விடாமல். ஆயாம்மா எல்லோருக்கும் 'ஆயாம்மா, வாங்க' தான் என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். நீங்களும் ஆயாம்மாவை வாங்க போங்க என்றே பேசுங்கள். நீங்கள் அவரை 'வா' என்றால் மறுநாள் பதினெட்டு வாயும் 'வா' என்னும்.

சாயங்காலக் கேள்வி

இது வீட்டில் செய்ய வேண்டியது. நேற்று நடந்ததை இன்று சொல்லத் தெரிந்தால்தான் நேற்றிருந்த நானும் இன்றிருக்கும் நானும் ஒரே ஆள் என்பது பிள்ளைக்குத் தைத்து வரும். பெரியவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் அந்தத் தையல் விழுகிறது. ஆபீசிலிருந்து ஏழு மணிக்குக் கை முழுக்க வெடிமருந்துக் கறையோடு இறங்கும் அம்மாவிடம் இதையும் சொல்கிறேனே என்று எனக்கே சங்கடமாக இருக்கும். ஐந்து நிமிஷம் போதும். கைகால் கழுவிவிட்டுச் செய்யுங்கள்.

"இன்னைக்கு என்ன பண்ணுன?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "நல்லா இருந்துச்சா?" என்றால் "ம்." இரண்டும் வேண்டாம். ஒரு நுனியைப் பிடித்துக் கொடுங்கள்: "இன்னைக்கு முட்டையை யாரு எண்ணுனா?" "தண்ணி மோந்து குடுத்தது யாரு?" "துணி யாரு பின்னாடி விழுந்துச்சு?" பதில் வந்ததும் "அப்புறம்?" என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில் தப்பாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒன்றும் சொல்லாத நாளில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்: வண்டியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், எத்தனை கட்டு ஒட்டினீர்கள் என்று. பட்டுவின் அம்மா இதை ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "டீச்சர், உங்க காது வாடகைக்காமே?" என்று கேட்டார்.